நெறி கட்டினால் ஊசிப் பரிசோதனை: குமரி மாவட்டத்தில் முதன்முறை செல்பவர்களுக்கு

கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ ஒரு கட்டி தட்டுப்படுகிறது. தொட்டுப் பார்த்த டாக்டர், ஊசி வைத்து எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லி, சீட்டில் எஃப்.என்.ஏ.சி. என்று எழுதித் தருகிறார். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை அது. அந்தச் சீட்டைக் கையில் வாங்கியவர்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டு கேள்விகள். இது புற்றுநோயா? ஊசி குத்தினால் பரவிவிடுமா?

இரண்டாவது கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பரவும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஊசி சென்ற தடத்தில் நோய்ச் செல்கள் ஒட்டி வளர்வது மிக மிக அரிது. நெறி கட்டும் இடமான நிணநீர்க் கணுவில் குத்தும் மெல்லிய ஊசிக்கு அந்த அச்சம் பொருந்தவே பொருந்தாது என்று சொல்லலாம். சோதனைக்கூடத்தில் மைக்ராஸ்கோப் ஸ்லைடுகளோடு பழகியவன் நான். ஊசியால் கெட்டவர் என்று ஒருவரையும் நான் கண்டதில்லை. ஊசிக்குப் பயந்து மாதக்கணக்கில் பற்றுப் போட்டுக் காத்திருந்து, நோய் முற்றிய பிறகு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது.

முதல் கேள்விக்குப் பதில் ஊசிதான் சொல்ல வேண்டும். ஆனால் புற்றுநோய் அல்லாத காரணங்களே அதிகம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் படி: கட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

நிணநீர்க் கணுக்கள் களியக்காவிளைச் சோதனைச் சாவடி மாதிரி. உடலின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் திரும்பி வரும் நிணநீர் என்ற திரவம் அந்தந்தக் கணுவின் வழியாகத்தான் போக வேண்டும். கிருமியோ வேண்டாத செல்லோ வந்தால் அங்கே தடுத்து நிறுத்தப்படும். அந்தப் போராட்டத்தில் கணு வீங்குவதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம். ஆகவே கட்டி இருக்கும் இடத்திலேயே பாதி விடை இருக்கிறது.

நாஞ்சில் நாட்டு வயலில் நிற்பவருக்குக் காலில் சேற்றுப்புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். குளச்சலிலோ முட்டத்திலோ மீன் முள் குத்திய கை சீழ் வைத்தால் அக்குளில் கட்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் கத்தியால் விரலைக் கீறிக்கொண்டாலும் அப்படித்தான். சொத்தைப் பல், தொண்டைப் புண் என்றால் தாடைக்குக் கீழே. குழந்தையின் தலையில் பேனும் புண்ணும் இருந்தால் பிடரியில் சிறு சிறு கட்டிகள் தட்டுப்படும். பிறந்ததும் இடது மேற்கையில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியால் சில குழந்தைகளுக்கு இடது அக்குளில் கட்டி வரும். டாக்டரிடம் காட்டிவிட்டால் போதும், பெரும்பாலானவை தாமாகவே அடங்கிவிடும். காய்ச்சலும், உடலில் எங்கோ ஒரு கருத்த பொருக்குப் புண்ணும், அதன் பக்கத்தில் நெறியும் சேர்ந்து வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு ஊசிப் பரிசோதனை வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இந்த வகைக் கட்டிகள் புண் ஆறியதும் இரண்டு மூன்று வாரங்களில் வற்றத் தொடங்கும். தொட்டால் வலிக்கும், மிருதுவாக இருக்கும், விரலுக்கு அடியில் நழுவும். காத்திருக்கலாம்.

காத்திருக்கக் கூடாதவை வேறு. நான்கு வாரம் கழிந்தும் குறையாத கட்டி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துகொண்டே போவது. வலியே இல்லாமல் கல்போல் இறுகி, அசையாமல் இருப்பது. பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக நிற்பது. மாலைக் காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவை கூட இருந்தால் இன்னும் வேகமாகப் போக வேண்டும். காறை எலும்புக்கு மேலே உள்ள பள்ளத்தில் கட்டி வந்தால் அளவு எதுவானாலும் காட்டிவிடுங்கள். நுரையீரல், இரைப்பை போன்ற உள்ளுறுப்புகளின் நோய் முதலில் அந்த இடத்தில்தான் தலைகாட்டுவது உண்டு.

வெற்றிலையோடு போயிலை போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பர்த் தோட்டத்திலும் முந்திரி ஆலையிலும் கடலிலும் வேலை செய்கிற எத்தனையோ பேருக்கு அது பசியை அடக்குகிற துணை. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்து, கழுத்தில் கட்டியும் வந்தால், இரண்டையும் ஒரே நாளில் டாக்டரிடம் காட்டுங்கள். கட்டியைக் காட்டிவிட்டு வாய்ப்புண்ணைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: போவதற்கு முன்

பட்டினி கிடக்கத் தேவையில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு போய்ப் பயத்தில் மயங்கி விழுகிறவர்களே அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள், சின்ன வெட்டுக்கே ரத்தம் நிற்காத குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. கட்டியில் துடிப்பு தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். ரத்தக் குழாயின் வீக்கத்தில் ஊசி குத்தக் கூடாது.

கட்டியின் மேல் பற்று, எண்ணெய், தைலம் எதுவும் வேண்டாம். சூடு வைப்பது அறவே கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வீக்கம் வற்றட்டும் என்று ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு வராதீர்கள். லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஸ்டீராய்டுக்குச் சில நாளில் சுருங்கும். ஆள் தேறிவிட்டதாக வீட்டார் மகிழ்வார்கள். அந்த நேரத்தில் எடுத்த ஸ்லைடில் நோயின் அடையாளம் மங்கிப்போயிருக்கும். சில மாதங்களில் கட்டி மறுபடி வரும், போன காலம் வராது. அதேபோல், லெவோஃபிளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் காசநோய்க் கிருமியைக் கொஞ்ச காலம் அடக்கிவைத்து நோயை மறைத்துவிடும். இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் அட்டைகளைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். பழைய ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைத் தாள்களும் அதே கவரில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: எங்கே போவது

அரசு மருத்துவமனை என்றால் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிபள்ளத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புறநோயாளிப் பிரிவில் ஓ.பி. சீட்டு எடுத்து, அறுவைச் சிகிச்சைப் பிரிவிலோ காது மூக்குத் தொண்டைப் பிரிவிலோ காட்டினால், அங்கிருந்து நோய்க்குறியியல் (பேத்தாலஜி) துறைக்கு எழுதித் தருவார்கள். நேராகச் சோதனைக்கூடத்துக்குப் போய் நிற்க வேண்டாம். டாக்டரின் குறிப்பு இல்லாமல் ஊசி வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. காலை நேரத்திலேயே போய்விடுங்கள். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் உள்ளூர் அரசு மருத்துவமனையில் காட்டி, பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்தால் அலைச்சல் குறையும். தனியார் மருத்துவமனைகளிலும் பெரிய ஆய்வகங்களிலும் இந்தச் சோதனை உண்டு. எங்கே எடுத்தாலும் ஸ்லைடைப் பார்ப்பவர் நோய்க்குறியியல் மருத்துவராக இருக்க வேண்டும் என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "கழுத்துக் கட்டி" என்று மட்டும் எழுதிய சீட்டு பாதிச் சீட்டுதான். எந்தப் பக்கம், எத்தனை நாளாக, எவ்வளவு பெரிது, காய்ச்சல் உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, முன்பு ஏதாவது புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவரா, இவை எல்லாம் ஸ்லைடைப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். பேன் தொல்லை உள்ள எட்டு வயதுக் குழந்தையின் கழுத்திலும், போயிலை போடும் ஐம்பத்தைந்து வயதுக்காரரின் கழுத்திலும் ஒரே அளவுக் கட்டி இருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் சந்தேகமான இரண்டு செல்கள் தெரிந்தால், பின்னவருக்காக இன்னொரு முறை தேடத் தோன்றுவது அந்த விவரத்தால்தான். சீட்டில் இல்லையென்றால் ஊசி வைக்கும் டாக்டரிடம் வாயாலேயே சொல்லுங்கள்.

நான்காம் படி: ஊசி குத்தும் நேரம்

இது புதிதாகக் கண்டுபிடித்த ஏதோ சோதனை என்று நினைக்க வேண்டாம். 1904இல் கிரெய்க், கிரே என்ற இரு மருத்துவர்கள் உகாண்டாவில் தூக்க நோய்க் கிருமியைத் தேடிக் கழுத்துக் கணுவில் ஊசி வைத்துப் பார்த்தார்கள். 1930இல் நியூயார்க்கில் மார்ட்டினும் எல்லிஸும் புற்றுக் கட்டிகளுக்கு இதைப் பயன்படுத்தி எழுதினார்கள். அதன்பின் சுவீடன் மருத்துவர்கள் ஊசியை இன்னும் மெல்லியதாக்கி இந்த முறையைச் செப்பனிட்டார்கள்.

உங்களைப் படுக்க வைத்து, கழுத்தென்றால் தோளுக்கு அடியில் தலையணை கொடுத்து, முகத்தைத் திருப்பச் சொல்வார்கள். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, டாக்டர் இரண்டு விரலுக்கு நடுவே கட்டியை அசையாமல் பிடிப்பார். ஊசி பெரும்பாலும் 23 கேஜ். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். கைகளில் போடும் சாதாரண ஊசியைப் போன்றதுதான். மரத்துப்போகும் மருந்து பொதுவாகப் போடுவதில்லை. அந்த ஊசியும் இதே அளவு வலிக்கும். மேலும் மருந்து தங்கிச் சதை உப்பினால் சிறிய கட்டி விரலுக்குச் சிக்காது.

ஊசி உள்ளே போனதும் அதை முன்னும் பின்னும் சில முறை அசைப்பார்கள். அந்தச் சில நொடிகளில் எச்சில் விழுங்காதீர்கள், பேசாதீர்கள், இருமல் வருமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். சிலர் சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பார்கள், சிலர் சிரிஞ்சே இல்லாமல் வெறும் ஊசியை மட்டும் வைத்து எடுப்பார்கள். இரண்டும் சரியான முறைகள். இரண்டு மூன்று முறை குத்துவதும் வழக்கமே. கட்டியின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்தால்தான் நோய் உள்ள பகுதி தப்பாமல் கிடைக்கும். முதல் முறை சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று மனம் கலங்க வேண்டாம்.

சிரிஞ்சில் ஒன்றுமே வரவில்லையே என்று பலர் கவலைப்படுகிறார்கள். வேண்டியது ஊசியின் துளைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு துளிக்கும் குறைவான அந்தப் பொருளில் ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கும். அதைக் கண்ணாடி ஸ்லைடில் ஊதி, இன்னொரு ஸ்லைடால் மெல்லப் பரப்புவார்கள். சில ஸ்லைடுகளை ஈரம் உலரும் முன்பே ஆல்கஹாலில் போடுவார்கள், சிலவற்றைக் காற்றில் உலர விடுவார்கள். சாயம் ஏற்றும் முறை வெவ்வேறு என்பதால் இப்படி. ஆல்கஹாலில் போட வேண்டியது சற்றுத் தாமதித்தாலும் செல்கள் சுருண்டு கெட்டுவிடும். அதனால்தான் அந்த நேரத்தில் அவர்கள் உங்களிடம் பேசாமல் ஸ்லைடைக் கவனிப்பார்கள்.

சீழோ கெட்டியான தயிர் போன்ற பொருளோ சிரிஞ்சில் ஏறி வந்தால் அன்றே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "காசநோய்ச் சோதனைக்கும் இதில் கொஞ்சம் அனுப்புவீர்களா?" சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற கருவியில் வைத்தால் காசநோய்க் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று சில மணி நேரத்திலேயே தெரியும், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படுமா என்பதும் தெரியும். அந்த மாதிரியை, திசுவைக் கெடாமல் வைக்கும் பார்மலினில் போடக் கூடாது. அன்று விட்டுவிட்டால் அதற்காக மறுபடி ஒரு முறை குத்துப்பட வேண்டியிருக்கும்.

முடிந்ததும் பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்க வேண்டாம். கொஞ்சம் வலியும் நீலம் பாரித்த கன்றலும் இருக்கலாம். வலித்தால் பாராசிட்டமால் போதும். அன்றே பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம், வேலையும் செய்யலாம். கட்டி திடீரென்று பெரிதாகி வீங்கினாலோ, காறை எலும்புப் பக்கம் குத்திய பிறகு மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். அப்படி நேர்வது அரிது.

வயிற்றுக்குள்ளோ நெஞ்சுக்குள்ளோ இருக்கும் கணு விரலுக்கு எட்டாது. அதற்கு ஸ்கேனில் பார்த்தபடியோ, மூச்சுக்குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தியோ ஊசி வைப்பார்கள். அதற்கான தயாரிப்பு வேறு.

ஐந்தாம் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும். டாக்டரிடம் போகும் வரை தூக்கம் வராது என்பதால், அதில் அடிக்கடி வரும் சொற்களின் பொருளைச் சொல்கிறேன்.

"இனடிக்வேட்" என்றால் போதுமான செல்கள் கிடைக்கவில்லை. இதை "ஒன்றும் இல்லை" என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. மிகப் பெரிய ஆபத்து இதுதான். இதன் பொருள், சோதனை இன்னும் நடக்கவே இல்லை என்பது. மறுபடி ஊசி வைக்க வேண்டும்.

"ரியாக்டிவ் ஹைப்பர்பிளேசியா" என்றால் கணு ஏதோ ஒரு தொற்றுக்கு எதிராக வேலை செய்துகொண்டிருக்கிறது. நல்ல செய்தி. ஆனாலும் கட்டி நான்கு வாரத்தில் வற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். வற்றாமல் வளர்ந்தால் நல்ல ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. ஊசி போன இடத்தில் நோய் இல்லாமல், பக்கத்தில் இருந்திருக்கலாம்.

"சப்புரேட்டிவ்" என்றால் சீழ். "கிரானுலோமாட்டஸ் லிம்ஃபடினைட்டிஸ்" என்றால் கணுவில் செல்கள் கிரானுலோமா என்ற சிறு முடிச்சுகளாகத் திரண்ட அழற்சி. கூடவே "கேசியஸ் நெக்ரோசிஸ்", அதாவது தயிர்போல் செத்துப்போன திசு, என்றும் இருந்தால், நம் நாட்டில் பெரும்பாலும் காசநோய். பழைய வைத்தியத்தில் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதைத்தான். "ஏ.எஃப்.பி. நெகட்டிவ்" (சாயம் ஏற்றிப் பார்த்ததில் கிருமி தெரியவில்லை) என்று போட்டிருந்தாலும் காசநோய் இல்லை என்று ஆகிவிடாது, கணுவில் கிருமிகள் குறைவாக இருப்பதால் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது கண்ணுக்குச் சிக்காமல் போகலாம். மறுபுறம், கிரானுலோமா வேறு சில நோய்களிலும் வரும். ஆகவே சிபிநாட் முடிவு, நெஞ்சு எக்ஸ்ரே, நோயாளியின் நிலை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

"மெட்டாஸ்டேடிக்" என்ற சொல் இருந்தால், வேறோர் இடத்தில் தொடங்கிய புற்றுநோய் கணுவுக்கு வந்திருக்கிறது. "சஸ்பீஷியஸ்" என்றால் சந்தேகம் வலுவாக உண்டு, உறுதி செய்ய வேண்டும். "ஏட்டிப்பிக்கல்" என்றால் செல்கள் இயல்பாக இல்லை, ஆனால் எதையும் சொல்ல முடியவில்லை. 2020இல் வெளியான சிட்னி முறையைப் பின்பற்றும் ஆய்வகங்களில் எல்1 முதல் எல்5 வரை எண் போட்டிருப்பார்கள்: எல்1 போதாத மாதிரி, எல்2 தீங்கற்றது, எல்3 இயல்பற்ற செல்கள், எல்4 சந்தேகம், எல்5 புற்றுநோய். எல்1 தான் மிகவும் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆறாம் படி: காசநோய் என்று வந்தால்

வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மாத்திரை இலவசம். தனியாரிடம் காட்டினாலும் நோயை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் உள்ள விதி. நிக்‌ஷய் என்ற அரசின் காசநோய்ப் பதிவுத் திட்டத்தில் பதிவானால், சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பர் வரை அது 500 ரூபாயாக இருந்தது. சந்தேகம் கேட்க 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண் உண்டு. சர்க்கரை, எச்.ஐ.வி. சோதனைகளும் செய்யச் சொல்வார்கள். எல்லாருக்கும் சொல்வதுதான், அவமானமாக நினைக்க வேண்டாம்.

கணுவில் மட்டும் காசநோய் உள்ளவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நுரையீரலிலும் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயிலும் சளிப் பரிசோதனையிலும் பார்த்துக்கொண்டால் போதும். தட்டைத் தனியாக வைப்பது, கல்யாணப் பேச்சை முறிப்பது, இதெல்லாம் நோயாளிக்குச் செய்யும் கொடுமை.

மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் கட்டி குறையாமல் பெரிதாகலாம், பக்கத்தில் புதிதாக ஒன்று எழும்பலாம். இறந்த கிருமிகளுக்கு எதிராக உடல் கிளர்ந்தெழுவதால் இப்படி நடப்பது உண்டு. மருந்து பிடிக்கவில்லை என்று நிறுத்திவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கட்டி பழுத்து இளகினால் எங்கேயாவது கீறிவிடச் சொல்லாதீர்கள்; காசநோய்க் கட்டியைக் கீறினால் மாதக்கணக்கில் வடியும் புண்ணாகிவிடும். ஊசியால் உறிஞ்சி எடுப்பதே முறை.

ஏழாம் படி: புற்றுநோய் என்றோ சந்தேகம் என்றோ வந்தால்

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

லிம்ஃபோமா என்று சந்தேகித்தால் ஊசி மட்டும் போதாது. எந்த வகை என்பதைச் செல்களை மட்டும் பார்த்து முழுமையாகச் சொல்ல முடியாது. கணுவின் கட்டமைப்பையே பார்க்க வேண்டும். அதனால் ஒரு கணுவை முழுதாக வெட்டியெடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்வார்கள். ஊசி தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. எதை வெட்ட வேண்டும் என்று காட்டியது அந்த ஊசிதான். லிம்ஃபோமாவில் ஒரு வகையான ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா, பெருவாரியானவர்களுக்குக் குணமாகும் புற்றுநோய்களில் ஒன்று என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோய் என்றால் நேர்மாறு. கழுத்துக் கட்டியை அவசரப்பட்டு வெட்டக் கூடாது. முதலில் வாய், தொண்டை, குரல்வளை, தைராய்டு, நுரையீரல் என்று மூல இடத்தைத் தேட வேண்டும். மூலத்தை அறியாமல் கழுத்தைத் திறந்தால் பின்னால் செய்ய வேண்டிய முறையான அறுவைச் சிகிச்சை சிக்கலாகும். பெண்களுக்கு அக்குள் கட்டி என்றால் மார்பகத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தொடை இடுக்கு என்றால் பிறப்புறுப்பு, ஆசனவாய், காலின் தோல் எல்லாவற்றையும் டாக்டர் பார்ப்பார், கூச்சப்பட்டு மறைக்காதீர்கள்.

நம் மாவட்டத்திலிருந்து பலர் மேல்சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறார்கள். எந்தப் பெரிய மையத்துக்குப் போனாலும் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அவர்கள் ஸ்லைடுகளையே வாங்கித் தாங்களே மறுபடி பார்ப்பது வழக்கம். ஆகவே கிளம்புவதற்கு முன்பு, ஊசி வைத்த ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும், பயாப்ஸி செய்திருந்தால் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட்டின் மேல் உள்ள சைட்டாலஜி (செல் பரிசோதனை) எண்ணைக் காட்டினால்தான் தேடி எடுக்க முடியும். அந்த எண்ணைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடுகள் உடையாமல் இருக்கப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பெட்டியைப் பையில் அடியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள்.